பச்சை உடம்புக்காரி எப்போது ஓடலாம்?

கேட்டிருப்பவர் வேளச்சேரியில் வசிக்கும் 31 வயதுத் தாய். சிசேரியனில் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே தருகிறார். மூன்றாம் மாதத்தில் தாய்வீட்டிலிருந்து சென்னைக்குத் திரும்பியது முதல் காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறது என்றும், வாரத்தில் நான்கு நாளாவது கடைச் சாப்பாட்டை வரவழைத்துச் சாப்பிடுவதாகவும், திருமணத்துக்கு முன் ஓடிக்கொண்டிருந்ததால் மீண்டும் ஓடத் தொடங்கினால் பழைய தெம்பு வருமா என்றும் கேட்கிறார். "பச்சை உடம்புக்காரி ஓடலாமா?" என்று மாமியார் தடுக்கிறாராம். வருகிற சனவரியில் சென்னை மாரத்தானின் பத்து கிலோமீட்டர் பிரிவில் ஓடும் ஆசையும் இருக்கிறது. இப்போது ஆகஸ்ட்.

மகப்பேற்றுக்குப் பிந்தைய உடற்பயிற்சியில் பதினைந்து ஆண்டுகளாகப் பணிபுரியும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையிலும், இரண்டு பிள்ளை பெற்றவள் என்ற முறையிலும் இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். ஓடலாம், ஆனால் களைப்பைப் போக்குவதற்காக ஓட வேண்டாம். களைப்பின் காரணத்தை முதலில் கண்டறிந்து, சாப்பாட்டைச் சீர்படுத்தி, அதன் பிறகு ஓடுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள்தான் என்னிடம் சிகிச்சைக்கு வருகிறார்கள். முதல் பிள்ளை பிறந்தபோது நானும் அப்படித்தான் செய்தேன்: எட்டாவது வாரத்திலேயே லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஓடப் போய், இரண்டாவது சுற்றில் சிறுநீர் கசிந்து, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தேன். படித்த படிப்பு அன்றைக்கு உதவவில்லை.

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். ஓடும்போது உடல் செலவிடும் ஆற்றல், தோராயமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோ கலோரி. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் பத்து கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 600 கிலோ கலோரி செலவாகும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தரும் பெண், வழக்கமாக உண்பதற்கு மேல் நாளொன்றுக்குக் கூடுதலாக உண்ண வேண்டும் என்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் நிர்ணயித்த அளவும் அதே 600 கிலோ கலோரிதான். ஆறு மாதத்துக்குப் பிறகு அது 520 ஆகிறது. உட்கார்ந்த இடத்தில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நீங்கள் நாள்தோறும் பத்து கிலோமீட்டருக்கான ஆற்றலைச் செலவிட்டுவருகிறீர்கள். அதன் மேல் இரவில் மூன்று முறை விழிப்பு, மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும் முதல் முழுச் சாப்பாடு. இந்த நிலையில் காலணியை மாட்டிக்கொண்டு இன்னும் ஐந்து கிலோமீட்டர் சேர்த்தால் தெம்பு எங்கிருந்து வரும்?

களைப்புக்குத் தூக்கமின்மைதான் காரணம் என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனாலும் ரத்தப் பரிசோதனை செய்யாமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. பிரசவத்தில் ரத்தம் இழந்த ஒருவருக்கு அது இருப்பதற்கு இன்னும் வாய்ப்பு அதிகம். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைவாக இருந்தால், மாடிப்படி ஏறும்போது வரும் மூச்சிரைப்பைப் பயிற்சியின்மை என்று நினைத்துக்கொண்டு இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்வீர்கள், பயன் இருக்காது. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்பது அரசின் திட்டம். 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் அடங்கிய அந்தச் சிவப்பு மாத்திரை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும். கர்ப்பகாலத்தில் ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள்கூடப் பிள்ளை பிறந்ததும் மாத்திரை டப்பாவை மறந்துவிடுகிறார்கள். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒன்றாக விழுங்காதீர்கள். ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹீமோகுளோபினோடு தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நூறு தாய்மார்களில் ஏறத்தாழ ஐந்து முதல் பத்துப் பேருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் ஆண்டில் தைராய்டு சுரப்பி அழற்சி வருகிறது. முதலில் படபடப்பும் எடைக் குறைவும், பிறகு சோர்வும் முடி கொட்டுதலும் என்று அது இரண்டு கட்டமாக வருவதால், "பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்" என்ற பேச்சில் அடையாளம் தெரியாமலே போய்விடும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால், பிரசவத்துக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டிய குளுக்கோஸ் பரிசோதனையைச் செய்தீர்களா என்பதையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். விட்டிருந்தால் இப்போதாவது செய்துவிடுங்கள்.

இனிச் சாப்பாடு. தாய்வீட்டில் உங்களுக்குக் கிடைத்த பத்தியச் சாப்பாட்டை நான் குறைத்துப் பேச மாட்டேன். பூண்டுக் குழம்பு, மிளகு சீரக ரசம், நெய் விட்ட சாதம், அங்காயப் பொடி, பிரண்டைத் துவையல் எல்லாம் ஒரு பெண் உட்கார்ந்து, சூடாக, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்ற அக்கறையிலிருந்து பிறந்தவை. பூண்டின் மணம் தாய்ப்பாலில் இறங்குவது ஆய்வில் தெரிந்த செய்தி. ஆனால் பால் சுரப்பைக் கூட்டுவது முக்கியமாகக் குழந்தை அடிக்கடி குடித்துக் காலி செய்வதுதான். பத்தியத்தில் நான் ஏற்காதவை இரண்டு: தண்ணீரைக் குறைக்கச் சொல்வதும், பருப்பு, பழம், காய் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவதும். சென்னை வெப்பத்தில் பால் கொடுக்கும் ஒருத்திக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. பால்சுறாப் புட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை: சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களின் உடலில் பாதரசம் சேர்வதால், பால் கொடுக்கும் காலத்தில் அதை அடிக்கடி சாப்பிட வேண்டாம். நெத்தியும் மத்தியும் அதைவிட மலிவு, அதைவிட நல்லது.

உங்களுடைய உண்மையான சிக்கல், பத்தியம் முடிந்த அடுத்த நாளே அந்த அக்கறையும் முடிந்துவிட்டது என்பதே. மூன்று மாதம் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு, கைக்குழந்தையோடு நீங்களே சமைத்து நீங்களே சாப்பிட வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். கடைச் சாப்பாட்டை நம்பியதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரவழைத்துச் சாப்பிடும் பிரியாணியிலும் பரோட்டாவிலும் மாவும் எண்ணெயும் தாராளமாக இருக்கும் அளவுக்குக் கீரையும் பருப்பும் இருப்பதில்லை. பால் கொடுக்கும் உங்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியமும், முதல் ஆறு மாதத்தில் வழக்கத்துக்கு மேல் சுமார் 17 கிராம் புரதமும் வேண்டும். தாய்ப்பால் தரும் மாதங்களில் எலும்பிலிருந்து தாதுச்சத்து தற்காலிகமாகக் குறைவதும், பால் நிறுத்திய பின் அது மீள்வதும் இயல்பு. அந்தக் காலத்தில் போதாத சாப்பாட்டோடு ஓடினால் கீழ்க்கால் எலும்பில் மயிரிழை விரிசல் வரக்கூடும் என்பதால்தான் நான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

வீட்டுச் சமையல் என்றால் மூன்று வேளையும் நீங்கள் அடுப்படியில் நிற்பது என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். வீட்டில் யார் சமைத்தாலும் அது வீட்டுச் சமையலே. உங்கள் கணவருக்குச் சமைக்கத் தெரியாது என்றால், குக்கரில் பருப்பு வேக வைப்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, சீரகம், மிளகு, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, மூன்று விசில்: இறக்கும்போது நெய்யும், தட்டில் போட்ட பிறகு எலுமிச்சையும். கீரையின் இரும்பை உடல் ஏற்க அந்த எலுமிச்சையின் வைட்டமின் சி உதவும். முருங்கைக்கீரை ஆய்வது பெரிய வேலை என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு என் பாட்டியின் வழி: முதல் நாள் இரவே கொத்தோடு பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்துவிட்டால் காலையில் இலை தானாக உதிர்ந்து கிடக்கும். நூறு கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. கேழ்வரகில் சுமார் 350. காலையில் கேழ்வரகுக் கூழில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடிப்பது, ஓடிவிட்டு வருகிறவருக்கு இந்த ஊரில் கிடைக்கும் மிகச் சிறந்த பானம் என்பது என் கட்சி; உப்பும் தண்ணீரும் மாவுச்சத்தும் ஒரே சொம்பில். ஆறாம் மாதம் முடிந்ததும் குழந்தைக்கு இணை உணவு தொடங்கும்போது, உப்பும் மோரும் சேர்க்காத அதே கேழ்வரகை வடிகட்டிக் கஞ்சியாக அதற்கும் கொடுக்கலாம் என்பதால் வேலை இரண்டாகாது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் வாரம் ஓடிவிடும். இட்லி மாவு, பருப்புப் பொடி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், வறுத்த எள்ளுப் பொடி ஆகியவை இருந்தால் எந்த இரவும் பட்டினியாகாது. ஒவ்வொரு இரவும் படுக்கும் முன் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ ஊறப்போடுவதைப் பழக்கமாக்குங்கள். மறுநாள் மாலை சுண்டல். பால் கொடுக்கும் இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் சொம்பும் வேர்க்கடலை உருண்டையும் இருக்கட்டும். அசைவம் உண்பவரானால் நாளுக்கு ஒரு முட்டையாவது. ஃபில்டர் காபியை விடச் சொல்ல எனக்கு மனம் இல்லை. நாளுக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்தி, அதையும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், ஏனெனில் காபியும் டீயும் இரும்பு சேர்வதைத் தடுக்கும்.

இந்தச் சாப்பாட்டு ஒழுங்கு இரண்டு வாரம் நிலைத்த பிறகு ஓட்டத்தைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் மாமியாரின் சொல்லில் உண்மை இருக்கிறது. அவர் கணக்கில் பிழை இருப்பது கால அளவில் மட்டுமே. 2019-இல் பிரிட்டனைச் சேர்ந்த மூன்று பிசியோதெரபிஸ்டுகள் வெளியிட்ட வழிகாட்டி, எந்தவகைப் பிரசவமானாலும் பன்னிரண்டு வாரத்துக்கு முன் ஓட வேண்டாம் என்றும், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் உடல் தயாராக இருந்தால் தொடங்கலாம் என்றும் சொல்கிறது. நாள்காட்டியைவிட உடலின் சோதனையே அதில் முக்கியம். சிசேரியனில் அறுத்துத் தைத்த வயிற்றுச் சுவரின் உறை, ஆறாவது வாரத்தில் பழைய வலுவில் பாதிக்குச் சற்று மேல்தான் பெற்றிருக்கும். அது முக்கால் பங்கைத் தாண்ட ஆறேழு மாதம் ஆகும். வெளியே தழும்பு ஆறிவிட்டது என்பதால் உள்ளே ஆறிவிட்டது என்று எண்ணக் கூடாது. தமிழ்நாட்டில் மேற்சொன்ன கணக்கெடுப்பில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன் என்றிருக்க, "எனக்குச் சிசேரியன்தானே, கீழே ஒன்றும் பாதிப்பில்லையே" என்று சொல்பவர்கள் பலர். பத்து மாதம் குழந்தையின் எடையைத் தாங்கிய இடுப்புத் தளத் தசைகளுக்குப் பிரசவம் எந்த வழியில் நடந்தது என்பது பாதிக் கதை மட்டுமே.

அதனால் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். முப்பது நிமிடம் வேகமாக நடங்கள். ஒவ்வொரு காலிலும் பத்து விநாடி நில்லுங்கள். ஒற்றைக் காலில் பத்து முறை மெல்ல மடங்கி எழுங்கள். நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுங்கள். பிறகு ஒவ்வொரு காலிலும் பத்து முறை குதியுங்கள். இவற்றில் எதிலும் வலியோ, சிறுநீர்க் கசிவோ, கீழே ஏதோ இறங்குவது போன்ற கனமோ இல்லையென்றால் தொடங்கலாம். கசிந்தால் வெட்கப்படவும் வேண்டாம், பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். மூச்சை வெளியே விடும்போது சிறுநீரை அடக்குவது போலவும் காற்றை அடக்குவது போலவும் உள்ளிழுத்துப் பிடித்து, மூச்சு உள்ளே வரும்போது முழுதாகத் தளர்த்தும் பயிற்சியை நாளுக்கு மூன்று வேளை செய்யுங்கள். தளர்த்துவதும் பயிற்சியின் பாதி. அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆறு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் இத்துறையில் பயின்ற பிசியோதெரபிஸ்டை நேரில் பாருங்கள். மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கும்போது தொப்புளுக்கு மேலும் கீழும் வயிற்றின் நடுவே கூரை போல மேடிட்டு எழுந்தால் நடுத்தசை இன்னும் சேரவில்லை என்று பொருள். அந்த வயிற்றோடு எழுந்து அமரும் பயிற்சிகள் கூடாது. வயிற்றைத் துணியால் இறுகக் கட்டுவதும் இதற்குத் தீர்வாகாது. இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்த தசைகளைத்தான் தாக்கும்.

தொடக்கம் வாரத்தில் மூன்று நாள் போதும். ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. உடன் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம். வாரம்தோறும் ஓட்டத்தை அரை நிமிடம் கூட்டிக்கொண்டே போய், நடையைப் படிப்படியாகக் குறைத்தால், பத்துப் பன்னிரண்டு வாரத்தில் முப்பது நிமிடம் நிற்காமல் ஓடுவீர்கள். வேகத்தைப் பற்றி அதுவரை நினைக்கவே வேண்டாம். மற்ற இரண்டு நாள் வீட்டிலேயே கெண்டைக்கால், பிட்டத் தசைப் பயிற்சி. பழைய காலணி இறுக்கமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கர்ப்பத்தில் பாதத்தின் வளைவு இறங்கி, அரை அளவு கூடிவிட்டிருக்கலாம். ஓடப் போகும் முன் பால் கொடுத்துவிடுங்கள். மார்பின் பாரம் குறையும், குழந்தையும் ஒரு மணி நேரம் தூங்கும். மிதமான ஓட்டத்தால் பால் குறையும், புளித்துப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வெறும் வயிற்றோடு மட்டும் கிளம்பாதீர்கள். ஒரு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும்.

சென்னையில் இடத்துக்குக் குறைவில்லை: அண்ணா நகர் டவர் பூங்கா, மெரினாவின் நடைபாதை, பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலை. உங்களுக்கு அருகில் நல்ல மண்பாதை இருந்தால் அதுவே மேல், ஏனெனில் போகவர ஆகும் நேரமும் உங்கள் தூக்கத்திலிருந்துதான் கழிகிறது. விடியற்காலையில் வெப்பம் குறைவாக இருந்தாலும் காற்றின் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் வழிவதால் உடல் குளிராது. அதே வேகம் ஈரப்பதம் குறைந்த ஊரில் எளிதாகவும் இங்கே கடினமாகவும் இருப்பது உங்கள் குறையில்லை. இருட்டில் தனியாகப் போகாதீர்கள். தெருநாய்கள் ஒரு காரணம், மற்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை. முந்தின இரவு குழந்தை நான்கு முறை எழுப்பியிருந்தால் அன்று ஓட்டத்தை விட்டுவிட்டுத் தூங்குங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

தழும்பில் வலி, மீண்டும் ரத்தப்போக்கு, கசிவு, கனம் ஆகியவற்றில் எது வந்தாலும் ஒரு படி பின்வாங்கி மருத்துவரைக் கேளுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ, மார்பு வலித்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மனத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓட்டம் மனச்சோர்வைக் குறைக்க உதவும் என்பது உண்மை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக அழுகையும், எதிலும் பிடிப்பின்மையும், குழந்தையைப் பார்க்கவே மனமில்லாத நிலையும் இருந்தால் ஓடிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சனவரிக்கு வருவோம். இன்று பரிசோதனை, செப்டம்பர் தொடக்கத்தில் முதல் மெல்லோட்டம் என்று வைத்துக்கொண்டால், நவம்பர் இறுதிக்குள் முப்பது நிமிடம் கைகூடும். இடையே வடகிழக்குப் பருவமழை பத்துப் பதினைந்து நாளையாவது தின்றுவிடும். அந்த நாட்களில் மொட்டைமாடியின் ஈரச் சிமெண்டுத் தரையில் வழுக்கி விழுவதைவிட மாடிப்படி ஏறி இறங்குவது நல்லது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஏழு கிலோமீட்டரைக் கசிவும் வலியும் இன்றி முடித்து, அன்று மாலையும் குழந்தையோடு விளையாடத் தெம்பு மிச்சம் இருந்தால், பத்து கிலோமீட்டருக்குப் போங்கள், நடுவே நடந்துகொள்ளலாம். அந்த நிலை வராவிட்டால், கட்டிய பணத்தை மறந்துவிட்டுக் கணவரை ஓடச் சொல்லி, நீங்களும் மாமியாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்று பாருங்கள். அதற்கு அடுத்த சனவரியில் பிள்ளைக்கு ஒன்றே முக்கால் வயது ஆகியிருக்கும்; தூக்கமும் ஓரளவு திரும்பியிருக்கும்.